ஐ.என்.டி.ஜே ஆட்களுக்கு உணர்வை வளர்க்கச் சொன்னது ஆர்?

ஒட்டுசுட்டான்_வாத்தி:
ஐ.என்.டி.ஜே எண்டது மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைப் பரிசோதனை நாலு எழுத்தில சொல்லுற ஒரு வகை. கிளிநொச்சியில ஆளுமைப் பட்டறை ஒண்டில குடுத்த தாளை ஒராள் இஞ்ச போட்டிருக்கிறார். "ஐ.என்.டி.ஜே ஆட்களுக்குச் சிந்தனையே தலைமை. அமுங்கின உணர்வை வளர்த்தால் முழுமை" எண்டு கிடக்கு. முழுப்பிழை. அவைக்குத் தலைமை, அதாவது ஆக வலுவான செயற்பாடு, அகமுக உள்ளுணர்வு (உள்நோக்கி நிண்டு வரப்போறதை ஊகிக்கிறது). கடைசியில அமுங்கிக் கிடக்கிறது அதின்ர எதிர்முனையான புலனுணர்வு (இப்ப இருக்கிறதைக் கண்ணால கையால அறியிறது).

பரந்தன்_பெடியன்:
அண்ணை, கடைசி எழுத்து ஜே. ஜே எண்டால் தீர்மானிக்கிற பக்கம். இந்த வகையில தீர்மானிக்கிறது டி, சிந்தனை. பிறகென்ன கதை?

ஒட்டுசுட்டான்_வாத்தி:
தம்பி, அந்த எழுத்து காட்டுறது வெளியில தெரியிற செயற்பாட்டை. அகமுக ஆளுக்கு வெளியில நிக்கிறது ரெண்டாவதான துணைச் செயற்பாடு (இவைக்குச் சிந்தனை), தலைமை உள்ளுக்க இருக்கும். புறமுக ஆளுக்குத்தான் ஜே தலைமையைக் காட்டும். உங்கட தாள் கடைசி எழுத்து பி ஆன ஐ.என்.டி.பி வகைக்குச் சரி, அவைக்குத்தான் சிந்தனை தலைமை.

பரந்தன்_பெடியன்:
ஜே எண்டால் ஜேதான். தாள் அடிச்சவையும் படிச்சவைதான்.

முறிகண்டிச்சந்தி:
சுவிஸ் உளவியலாளர் யுங் 1921இல எழுதினது எட்டு ஆளுமை வகை. ஜே, பி எழுத்தைச் சேர்த்தது இசபெல் மயர்சும் தாய் கதரின் பிரிக்சும். அவையின்ர பரிசோதனையின்ர எம் படிவத்தில 93 கேள்வி, எல்லாம் ரெண்டில ஒண்டைத் தெரியிறது. நடுவில நிக்கிற ஆள் ஒண்டு ரெண்டு விடையை மாத்தினால் எழுத்தே மாறும். இதுக்குப் போய் அடிபடுறியள்.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
ஈகோவும் சுயமும் ஒண்டெண்டு போன மாசம் எழுதின முறிகண்டியார் வந்திட்டார்! ஈகோ நனவின்ர நடு. சுயம் நனவும் நனவிலியும் சேர்ந்த முழுசு. எழுத்தை ஆர் சேர்த்தாலும், உள்ளுணர்வு தலைமையெண்டால் எதிர்முனை புலனுணர்வுதான், யுங்கின்ர கணக்கிலயும். இந்த ஆட்கள் களைச்சால் அளவில்லாமல் தின்னுவினம், விடியவிடிய வீடியோ பார்ப்பினம், பூட்டின கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பினம். அதுக்கு "மனம்விட்டு அழுங்கோ" எண்டால் என்ன பலன்? ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், போன் இல்லாமல் கைவேலை. வரம்பு செதுக்கலாம், நாத்துமேடையில மண் ஈரத்தை விரலால பார்க்கலாம். அதுக்குள்ள அடுத்த போகத் திட்டம் போட வெளிக்கிட்டால், பழையபடி உள்ளுணர்வுதான் வேலை செய்யுது.

முறிகண்டிச்சந்தி:
கடைசிச் செயற்பாட்டில நேர கைவைக்கிறியள். துணைச் செயற்பாட்டு வழியால போ எண்டுதான் யுங் சொன்னவர். தண்ணி திறந்துவிடத் துருசு இருக்கக் குளக்கட்டை வெட்டுற மாதிரி.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
அதாலதான் இருபது நிமிஷம் எண்டனான். வாசிக்கிறேல்லையோ?

முறிகண்டிச்சந்தி:
நேரத்தைக் குறைச்சால் வழி மாறுமோ, வாத்தியார்?

வற்றாப்பளை_அடியாள்:
யுங் நிழல் எண்டது (நாங்கள் ஒத்துக்கொள்ளாமல் மறைக்கிற எங்கட பக்கம்) எங்கட ஆணவமலம், உயிரை மறைக்கிற அழுக்கு. சைவ சித்தாந்தத்தில எல்லாம் இருக்கு.

முறிகண்டிச்சந்தி:
அக்கா, ஆணவம் நீக்க வேண்டிய அழுக்கு. நிழலை நீக்கேலாது, அறிஞ்சு சேர்க்கவேணும்.

வற்றாப்பளை_அடியாள்:
ஆணவம் முத்தியிலயும் அழியாது, சத்திதான் அடங்கும். தெரியாட்டிப் பேசாமல் இருங்கோ.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
அக்கா, அதுக்கு வேற திரி திறவுங்கோ. இஞ்ச கேள்வி ஜே.

பரந்தன்_பெடியன்:
அதைத்தான் நானும் சொல்லுறன். ஜே எண்டால் சிந்தனை.

ஒட்டுசுட்டான்_வாத்தி:
தம்பி, என்ர ரெண்டாவது பதிலை வாசி. வாசிச்சிட்டு எழுது.

வற்றாப்பளை_அடியாள்:
ஆணவத்துக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.