வாரியக் குடியிருப்பில் பழுது பார்த்ததற்குக் கவுன்சிலர் கையொப்பம் வேண்டுமா?

புளியந்தோப்புவாசி

சென்னையில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில், அதாவது மக்கள் இன்றும் ‘ஹவுசிங் போர்டு’ என்றே சொல்லிவரும் வீடுகளில், மொட்டை மாடி ஒழுகினாலும் கழிவுநீர்க் குழாய் உடைந்தாலும் முதலில் ஓடிப்போய் நிற்பது அந்த வார்டின் கவுன்சிலர் வீட்டு வாசலில்தான். ஆனால் அந்தப் பழுதைச் சரிசெய்யும் பணியில் அவருக்கு எழுத்துப்பூர்வமான பங்கு எதுவும் இல்லை. எந்த ஒப்பந்ததாரருக்கு வேலை தரப்பட்டது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே தவிர, முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டினால் அதைத் தடுக்க அவரால் இயலாது.

எனவே ஒரு யோசனையை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். வாரியக் குடியிருப்புகளில் நடக்கும் ஒவ்வொரு பராமரிப்புப் பணிக்கும், வேலை முடிந்தது என்று அந்த வார்டின் கவுன்சிலர் கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்க வேண்டும். மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்களோ அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத வேலை முடிந்த வேலை ஆகாது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நண்பரின் ஆதங்கம் நியாயமானது. அவர் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுக் கட்டுமானப் பணிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் என் காரணங்களைச் சொல்கிறேன்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 2021-இல் பெயர் மாற்றப்பட்ட இந்த வாரியம் மாநில அரசின் அமைப்பு. மாநகராட்சிக்கு அது கட்டுப்பட்டதல்ல. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, வீட்டுக்குள் வரும் மின்சாரம் மின்வாரியத்துடையது. இத்தனை பேரின் பொறுப்புக்கு நடுவே கவுன்சிலரின் கையொப்பத்தையும் சேர்த்தால் பொறுப்பு கூடிவிடாது. இன்னொரு மேசைக்குக் கோப்பு போகும், அவ்வளவுதான். அந்த மேசையில் கோப்பு எத்தனை நாள் கிடக்கும், அதை நகர்த்த என்ன கேட்கப்படும் என்பதை இங்கே நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று, தரம் என்பது கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக்கூடியதன்று. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை பட்ட இடமெல்லாம் சுவர்ப் பூச்சு உதிர்ந்த செய்தி வந்தபோது, அந்தக் கட்டடத்தின் தரத்தை ஆராய ஐ.ஐ.டி. நிபுணர்களைத்தான் அரசு அழைக்க வேண்டியிருந்தது. பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கையொப்பமிட்டவர் பொறியாளர் என்பதால்தான் அந்தப் பொறுப்பை அவர்மேல் சுமத்த முடிந்தது. நாளை கவுன்சிலரும் கையொப்பமிட்டிருந்தால், “அவரே பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டாரே” என்று பொறியாளர் தப்பித்துக்கொள்ள வழி ஏற்பட்டுவிடும்.

மூன்றாம் மாடி

ஐயா எழுதியதைப் படித்தேன். நான் நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் வசிப்பவள் அல்ல. வடசென்னையில் வேறொரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் என் கருத்து தெளிவாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கழிவுநீர் இறங்கிச் சேரும் தொட்டி அடைத்துக்கொண்டு, தரைத்தளத்தில் நான்கு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அடைப்பு சுவருக்கு வெளியே தெருக்குழாயில் இருப்பதால் அது தங்கள் வேலையில்லை என்றார்கள். தெருக்குழாயைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் கேட்டால், அடைப்பு வளாகத்துக்குள்ளேதான் இருக்கிறது என்றார்கள். 19 நாட்கள் இப்படியே போயின. அந்த நான்கு வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தை இருந்தது. அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் படுத்துக்கொண்டாள்.

இருபதாம் நாள் எங்கள் கவுன்சிலர் வந்தார். அவருக்குப் பொறியியல் தெரியாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றபடி, இரண்டு அலுவலகங்களின் உதவிப் பொறியாளர்களையும் கைபேசியில் அழைத்து, இருவரும் ஒரே நேரத்தில் இங்கே வந்து அடைப்பு எந்தப் பக்கம் என்று காட்டும் வரை நான் நகரமாட்டேன் என்றார். இருவரும் வந்தார்கள். அடைப்பு எடுக்க ஆன நேரம் இரண்டு மணிக்கும் குறைவு.

தரத்தைப் பற்றி ஐயா சொன்னது சரியாகவே இருக்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது கம்பியின் கனத்தை அளக்கத் தெரிந்தவர் அல்ல, இரண்டு அலுவலர்களை ஒரே இடத்துக்கு வரவழைக்கத் தெரிந்தவர். அந்த வலுவைச் சட்டப்படி கவுன்சிலருக்குத் தருவதில் என்ன தவறு?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, அந்த 19 நாட்களுக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. இரண்டு துறைகள் ஒன்றையொன்று காட்டித் தப்புவதை நான் உள்ளே இருந்தே பார்த்தவன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இருந்தாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் கவுன்சிலர் நல்லவராக இருந்ததால் வந்தார். அடுத்த வார்டில் வராதவர் இருந்தால் அந்தத் தரைத்தளத்து வீடுகள் என்ன ஆகும்? தேர்தலில் எதிரணிக்கு வேலை செய்த குடும்பத்தின் வீட்டில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும்? ஒருவருடைய குணத்தைப் பொறுத்துக் கிடைப்பது சலுகை. அதை உரிமை என்று சொல்ல முடியாது. என் எதிர்ப்பெல்லாம் கவுன்சிலரின் கையொப்பத்தை வாங்கினால்தான் வேலை நடக்கும் என்ற நிலைக்கு மக்களைத் தள்ளிவிடக் கூடாது என்பதே.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

கிழக்கு லண்டனில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்குள்ள நடைமுறை இரு தரப்புக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே கவுன்சிலர்கள் நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ அறிவித்த நாளில் உட்கார்ந்து மக்களைச் சந்திப்பது நெடுங்கால வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டைப் பற்றிய குறையோடுதான் வருவார்கள்: சுவரில் ஓதம், குளியலறையில் கரும்பூஞ்சை, பழுதான கொதிகலன், இரண்டு அறையில் ஆறு பேர். பல இடங்களில் நகராட்சியே ஆயிரக்கணக்கான வீடுகளின் உரிமையாளராக இருப்பதால், கவுன்சிலர் தன் அமைப்பின் வீட்டுவசதித் துறையையே நேரடியாகக் கேள்வி கேட்க முடிகிறது. சென்னையில் இல்லாதது இதுதான். அங்கே கவுன்சிலர் ஓர் அமைப்பிலும் வீடு வேறோர் அமைப்பிலும் இருக்கின்றன.

அப்படியிருந்தும் இங்கே கவுன்சிலர்களை மட்டும் நம்பியிருந்தது போதவில்லை. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சை படர்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ்ந்ததால் மூச்சுக் கோளாறு ஏற்பட்டு 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அந்த வீடு நகராட்சியுடையதன்று, ஒரு வீட்டுவசதிச் சங்கத்துடையது. 2022-இல் மரண விசாரணையில் பூஞ்சையே காரணம் என்று முடிவானது. அதன்பின் 2023-இல் இயற்றிய சட்டத்தில் அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் விதிகளுக்கு இடம் தரப்பட்டு, அவை 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு, அதாவது நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகளுக்கு, நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நேரில் ஆராய வேண்டும்.

கவுன்சிலர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். பொறியாளர் ஐயா கேட்கும் உரிமை அதுதான் என்று நினைக்கிறேன்.

புளியந்தோப்புவாசி

லண்டன் நண்பருக்கு நன்றி. கெடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கெடு தவறும்போது கேட்பவர் யார் என்பதே என் கேள்வி. இந்த நகரம் அதற்கு ஏற்கெனவே விடை கண்டிருக்கிறது.

2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலம் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரின் ஆட்சிதான். அந்தக் காலத்தின் கடைசியில், 2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டு, உள்ளூர்க் கட்சி நிர்வாகி ஒருவரும் அக்கம்பக்கத்தாரும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அந்த மக்களைக் காப்பாற்றியது அந்தத் தெருவை அறிந்தவர்களின் கண்தான். அப்படிப்பட்ட கண்ணுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுங்கள் என்கிறேன்.

குடிசைப் பகுதி மேம்பாடு நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணி என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. அந்த அட்டவணையைச் சேர்த்த 74-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல், அதாவது அந்த அரிவாக்குளக் கட்டடம் எழுந்த அதே ஆண்டில். கட்டடம் எழுந்து, பழையதாகி, இடிந்தும் போய்விட்டது. அந்த அதிகாரம் இன்னும் மாமன்றத்துக்கு வந்து சேரவில்லை.

செம்மஞ்சேரிப் பக்கம்

நீங்கள் அனைவரும் ‘வார்டு கவுன்சிலர்’ என்று எழுதும்போது எங்கள் பக்கத்தை மறந்துவிடுகிறீர்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. 2011-இல் மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 வார்டுகளாக விரிந்தபோது முதல் இரண்டும் உள்ளே வந்தன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாரிய வீடுகள் எழுந்த பெரும்பாக்கமோ கிராம ஊராட்சியாக வெளியே நின்றது. கூவம் கரையில் தலைமுறைகளாகச் சென்னை வாக்காளராக இருந்தவர், வீடு மாறியதும் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் வாக்காளர் ஆனார். கிராமத் தெருக்களுக்காக உருவான ஓர் ஊராட்சி, மின்தூக்கி நின்றுபோன எட்டு மாடிக் கட்டடத்துக்கு எப்படிப் பதில் சொல்லும்? கையொப்பம் பற்றிய உங்கள் விதி கவுன்சிலரை மட்டும் குறிப்பிட்டால், அந்த மக்களுக்கு அதில் எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்

பெரும்பாக்கம் குறித்த கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அதைக் கேட்ட பிறகு என் எதிர்ப்பையும் சற்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையொப்பம் ஒன்று வேண்டும்தான். அதைக் கவுன்சிலர் இடுவதைவிட, ஒழுகிய வீட்டில் குடியிருப்பவர் இடட்டும். ஒழுகல் நின்றதா என்பதை முதல் மழையில் அறிபவர் அவர்தானே? அந்தத் தாள் இல்லாமல் ஒப்பந்ததாரரின் இறுதித் தொகையை விடுவிக்கக் கூடாது. மாநகராட்சி எல்லையானாலும் ஊராட்சி எல்லையானாலும் இது பொருந்தும். கவுன்சிலரின் இடம் அடுத்த படியில் வருகிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கான 2023 விதிகளின்படி வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்கங்கே மக்கள் கூடும் பகுதி சபைகளும் உண்டு. எந்தெந்தக் குடியிருப்பில் எத்தனை முறையீடுகள் கெடு தாண்டி நிற்கின்றன என்ற பட்டியலை வாரியப் பொறியாளர் அந்தக் குழுவின் முன் நேரில் வந்து படிக்க வேண்டும் என்று ஆணையிட்டால் போதும். இரண்டு துறைகளையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கும் வலு என்று அம்மா கேட்டாரே, அது இவ்வழியில் கிடைக்கும். பணத்துக்கான கோப்பு கவுன்சிலர் மேசைக்குப் போக வேண்டியதில்லை.

புளியந்தோப்புவாசி

குடியிருப்பவரின் கையொப்பத்தை ஒப்பந்ததாரரின் ஆட்கள் மிரட்டியோ நயந்தோ வாங்கிவிட மாட்டார்களா? தனியொரு குடும்பம் எதிர்த்து நிற்பது கடினம். அதனால்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவரைச் சொன்னேன். அதோடு, பகுதி சபைகளின் சார்பில் வார்டு குழுவில் இருப்பவர்கள் நியமனம் பெற்றவர்களே தவிர வாக்கு வாங்கி வந்தவர்கள் அல்லர். பட்டியலைப் படிப்பது நல்லதுதான். படித்த பிறகு கேள்வி கேட்க அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் மாடி

இருவர் சொல்வதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வீட்டுக்காரர் கையொப்பமிடட்டும். மிரட்டல் இருந்தால் அதே குழுவில் சொல்ல வாய்ப்பு இருக்கட்டும். ஆனால் ஐயாவும் நண்பரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் பெரும்பாலான பெண்கள் விடிகாலையில் வீட்டு வேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ போய்விட்டு மாலையில்தான் திரும்புகிறார்கள். கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு மண்டல அலுவலகத்தில் கூட்டினால், அந்தப் பட்டியலைக் கேட்க அதில் பெயர் உள்ள ஒருத்திகூட இருக்கமாட்டாள். மாலை ஆறரை மணிக்கு மேல், குடியிருப்பின் முற்றத்திலேயே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டட்டும்.

எங்கள் கவுன்சிலரிடம் இந்த வாரம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். அடுத்த கூட்டம் எந்தத் தேதியில், எங்கள் கட்டடத்தின் எத்தனை முறையீடுகள் நிலுவையில் உள்ளன, அதற்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் அன்று வருவாரா. பதில் வந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா: கடைசியாக மொட்டை மாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு போட்டது எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதிலில் ஆண்டு இருந்தால், செய்த வேலையின் அளவுகளைப் பதிந்துவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். அதைப் படித்துப் பொருள் சொல்ல நான் நேரில் வருகிறேன்.