ஒரே ஒரு செய்தித்தாளை வைத்துக் கணக்கு, அறிவியல், சமூகம் எல்லாம் நடத்த முடியுமா?

ஸ்ரீராமபுரம் மிஸ்:

வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு எடுக்கிறேன். ஐந்தாவது முதல் எட்டாவது வரை எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது இங்கிலீஷ். தமிழ் வாய் ஓயாமல் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். அதற்காகத் தினத்தந்தி பெங்களூரு பதிப்பை வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

இணையத்தில் கிடைத்த பயிற்சித் தாள்களில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது: முதல் பக்கத்தில் ஐந்து பெயர்ச்சொல் கண்டுபிடி, பிடித்த படத்தை வெட்டி நோட்டில் ஒட்டு. பசங்க கிரிக்கெட்டையும் சினிமா விளம்பரத்தையும் வெட்டிவிட்டுப் பசையைக் கையில் பூசி உரித்துக்கொண்டு இருக்கிறார்கள். பெற்றோரோ "கணக்கு, சயின்ஸ் எடுங்க மிஸ், பேப்பரை நாங்களே படிச்சுக்கிறோம்" என்கிறார்கள்.

ஒரு பேப்பர், கலவையான வயது, ஒன்றரை மணி நேரம். எல்லாப் பாடத்துக்கும் பயன்படும்படி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

யஷ்வந்த்பூர் வாசி:

வரி விளம்பரத்தில் "வாடகைக்கு", "லீசுக்கு" பகுதியை எடுங்கள். நம்ம ஊரில் லீஸ் (மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பி வாங்குவது) என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை, பாதிப் பேர் லீஸ் வீட்டில்தான் இருப்பார்கள். எட்டு லட்சம் லீஸ் ஒரு பக்கம், மாதம் ஒன்பதாயிரம் வாடகையும் பத்து மாத அட்வான்ஸும் ஒரு பக்கம். எது லாபம்? அந்த எட்டு லட்சம் வங்கியில் 6 சதவீத வட்டிக்குக் கிடந்தால் வருடத்துக்கு 48,000, அதாவது மாதம் நாலாயிரம். அப்புறம் அட்வான்ஸாக முடங்கும் தொண்ணூறாயிரத்துக்கும் வட்டி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தனிவட்டி பாடம் அதிலேயே முடிந்துவிடும். வாக்கியங்களும் குட்டிக் குட்டி, எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கும் சரிப்படும். போன் நம்பரை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கூப்பிட்டு விளையாடுவான்.

அல்சூர் பழைய வாத்தியார்:

இங்கே அரசுத் தமிழ் வழிப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். வெட்டி ஒட்டும் வேலையை முதலில் நிறுத்துங்கள் அம்மா. அது பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க உதவும், வேறு எதற்கும் உதவாது.

பேப்பரை முழுதாக வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். மூலையில் கிடக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் அதை விடாதீர்கள். என் வகுப்பில் அது அணை நிலவரம். நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். தலைப்புச் செய்தி இன்றைக்குப் பரபரப்பாக இருக்கும், நாளைக்கு அது இருக்காது. இந்த எண்கள் நாளைக்கும் வரும், மாறி வரும். நேற்றையதைக் குறித்து வைத்தவன் இன்றையதைத் தானே வந்து கேட்பான்.

கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர் அணை) முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49.45 டி.எம்.சி. மேட்டூர் 120 அடி, 93.47 டி.எம்.சி. இந்த நான்கையும் பலகையில் ஒரு மூலையில் எழுதி அழிக்காமல் வைத்துவிடுங்கள். ஐந்தாவது படிப்பவன் இன்றைய மட்டத்தை 124.80இலிருந்து கழிக்கட்டும். தசமப் புள்ளிக்கு அதுவே போதும். ஆறாவது, இருப்பு எத்தனை சதவீதம் என்று போடட்டும். ஏழாவதும் எட்டாவதும் வரைபடத் தாளில் கோடு வரையட்டும்.

அப்புறம் அலகு. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். பெருக்கினால் 2,830 கோடி லிட்டர். இவ்வளவு சுழியைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், விடுங்கள். அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றுவிடும்: ஒரு டி.எம்.சி. நம்ம ஊருக்கு எத்தனை நாள் வரும்? 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறப்பதற்கு முன் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் கட்டத்தின் அளவு இன்னொரு 77.5 கோடி. முன்பு என்றால் பத்தொன்பதரை நாள். ஐந்தாம் கட்டமும் முழு அளவில் ஓடினால் பதின்மூன்று நாள்கூட இல்லை. 2024 கோடையில் டேங்கருக்குக் குடத்தோடு ஓடிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். இந்தக் கணக்கை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

"வினாடிக்கு 11,574 கன அடி திறந்தால் ஒரு நாளில் எவ்வளவு?" என்று கேளுங்கள். 86,400ஆல் பெருக்கச் சொல்லுங்கள். விடை கிட்டத்தட்ட சரியாக ஒரு டி.எம்.சி. என்று வரும்போது எட்டாவது படிப்பவன் முகத்தைப் பாருங்கள்.

அறிவியலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பத்தடி குறைந்தது என்கிறார்கள். 124இலிருந்து 114க்கு இறங்குவதும் 94இலிருந்து 84க்கு இறங்குவதும் ஒரே அளவு தண்ணீரா? இல்லை. அணை மேலே அகலம், அடியில் குறுகல். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலின் வாயை அடைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டுங்கள். இந்தத் தண்ணீர் ஊருக்கு எப்படி வருகிறது என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் "சரிவில் ஓடி வரும்" என்பார்கள். உண்மையில் நம்ம ஊர்தான் மேட்டில் இருக்கிறது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், ஹாரோஹள்ளி, தாதகுணி என்று படிப்படியாக பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஒருவனாவது கேட்பான். அது சமூகப் பாடம்.

ஸ்ரீராமபுரம் மிஸ்:

சார், படிக்கும்போதே நாளைக்கே தொடங்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஒரு தயக்கம். காவிரி என்றாலே இங்கே நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த பாட்டிகள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் பந்த் நடந்த வாரம் வகுப்பே வைக்கவில்லை. மாடியைக் கொடுத்திருக்கும் ஓனர் கன்னடக்காரர், தங்கமான மனிதர். பிள்ளைகளிலும் இரண்டு மூன்று பேர் கன்னட வீடு. இந்தப் பேச்சை நானே வகுப்புக்குள் இழுத்து வரலாமா?

அல்சூர் பழைய வாத்தியார்:

நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பேச்சு ஏற்கெனவே பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எண் இல்லாமல் விழுகிறது, அதுதான் சிக்கல்.

இரண்டு பேப்பர் வாங்குங்கள். ஒரு தமிழ், ஒரு கன்னடம். பிரஜாவாணியோ விஜய கர்நாடகாவோ எதுவானாலும் சரி. தண்ணீர் திறந்த நாளின் செய்தியை இரண்டிலும் எடுங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்தவன் சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் வகுப்பில் தமிழ் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் அன்றைக்குத் தலை நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அவர்கள் பள்ளி மொழி அது. யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே கேட்காதீர்கள். இரண்டிலும் இருக்கும் எண் எது, ஒன்றில் மட்டும் இருக்கும் எண் எது, எது முதல் வரியில் வருகிறது, எது கடைசிக்குப் போகிறது என்று மட்டும் கேளுங்கள். மேட்டூர் மட்டம் ஒன்றில் முதலில் இருக்கும், கே.ஆர்.எஸ். மட்டம் இன்னொன்றில். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

தீர்ப்பையும் எண்ணாகவே வையுங்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றது, பெங்களூருக்கென்று கூடுதலாக 4.75 தந்தது. மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்க வேண்டிய மாதவாரிக் கணக்கு ஜூனில் தொடங்கும்: 9.19, 31.24, 45.95, 36.76, 20.22, 13.78, 7.35, 2.76, பிறகு பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.50. கூட்டச் சொல்லுங்கள். 177.25 வராவிட்டால் யாரோ புள்ளியைத் தப்பாக வைத்திருக்கிறார்கள். பட்டை வரைபடமும் போடுங்கள். ஆகஸ்ட் ஏன் அவ்வளவு உயரம் என்றால் குடகையும், கபினி பிறக்கும் வயநாட்டையும், தென்மேற்குப் பருவமழையையும் வரைபடத்தில் தேட வேண்டிவரும். கேரளமும் இந்தக் கதையில் இருக்கிறது என்று அப்போதுதான் பலருக்குத் தெரியும்.

ஓனரை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மண்டியா பக்கத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே நெல்லுக்கும் கரும்புக்கும் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று அவர் சொல்லட்டும். குறுவைக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ நீங்கள் சொல்லுங்கள்.

கே.ஆர்.புரம் அம்மா:

அணையைத் தொட மனம் வராதவர்களுக்கு மழை அளவு இருக்கிறதே. பேப்பரில் மில்லிமீட்டரில் வரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 30×40 அடி சைட் முழுக்க மொட்டை மாடி என்று வைத்துக்கொண்டால் 111 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 2,200 லிட்டருக்கு மேல். என் மகள் இதைப் போட்டுவிட்டு, நம்ம வீட்டுத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று மாடிக்குப் போய்க் குழாயைப் பார்த்தாள். பேப்பர் வாங்குவானேன், இ-பேப்பர் போதாதா என்று ஒரு சந்தேகம் மட்டும்.

அல்சூர் பழைய வாத்தியார்:

மழைக் கணக்கு அருமை, நான் திருடிக்கொள்கிறேன். இ-பேப்பர் வேண்டாம் அம்மா. தாளாக இருந்தால் அளவுகோலை வைத்து அளக்கலாம். ஒரு பக்கத்தில் விளம்பரம் எத்தனை சதுர சென்டிமீட்டர், செய்தி எத்தனை என்று பார்த்தால் பரப்பளவுப் பாடம் அங்கேயே முடிந்தது. போனில் விரலை வைத்துப் பெரிதாக்கினால் பரப்பளவும் பெரிதாகிவிடும்! காசுதான் பிரச்சினை என்றால் டீக்கடையில் முந்தின நாள் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்ரீராமபுரம் மிஸ்:

ஓனரிடம் பேசினேன். மத்தூர் பக்கம் கரும்பு போட்டவராம், தானே வருகிறேன் என்கிறார். கன்னடப் பேப்பரும் அவர் வீட்டிலேயே வருகிறதாம், அந்தச் செலவும் மிச்சம். கடைசியாக ஒன்று சார்: ஜூனில் மழை வரும்வரை காத்திருக்கவா, இந்தக் கோடையிலேயே தொடங்கவா?

அல்சூர் பழைய வாத்தியார்:

இப்போதே. கோடையில் அணைச் செய்தி தினமும் வராது, வருகிற நாளில் குறித்துக்கொண்டால் போதும். மட்டம் இறங்கும் மாதங்களில்தான் கழித்தல் நிறைய வரும். கூட்டலை ஜூலை பார்த்துக்கொள்ளும்.