புதுப்பிப்பு: அம்மாவின் மேமோகிராமில் தெரிந்த முடிச்சு

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன்: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து 2 வருடம் ஆன அம்மாவுக்கு, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) அதே மார்பில் தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு முடிச்சு தெரிகிறது, நோய் திரும்பிவிட்டதா என்று.

பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு நேற்று வந்தது. புற்றுநோய் இல்லை! கொழுப்புத் திசு சிதைந்து கட்டியாகியிருக்கிறது. சிகிச்சை நடந்த மார்பில் இது வரக்கூடியதுதானாம். படத்தில் சில நேரம் புற்றுநோய் போலவே தெரியும் என்பதால்தான் ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போனபோது, குழித்துறை தாண்டும்வரை என்னால் பேசவே முடியவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து, "எதுன்னாலும் பாத்துக்கிடலாம், மக்களே" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான்.

இதே நிலையில் இருப்பவர்கள் பழைய படங்களை மறக்காமல் கொண்டுபோங்கள். வெறும் ரிப்போர்ட் போதாது. டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்.

ஆறு மாதத்தில் மறுபடி மேமோகிராம். புற்றுநோய் திரும்பாமலிருக்க அம்மா சாப்பிடும் லெட்ரசோல் மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், அதை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் டாக்டர் எழுதியிருக்கிறார். அப்புறம், ராத்திரி ஒரு மணிக்கும் பதில் எழுதித் தைரியம் சொன்ன அக்காமாருக்கு நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.