ஒரகடம் கம்பெனி புராஜெக்ட்: 14 சப்ளையர், 10 வாரம், "வண்டிச் செலவைக் குறைக்கணும்". எங்கிருந்து தொடங்குவது?

மறைமலை_எம்பிஏ கேட்டது:

வணக்கம். சப்ளை செயின் எம்பிஏ இரண்டாம் ஆண்டு, நாலு பேர் குழு. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 10 வார புராஜெக்ட். அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமுள்ள 14 சப்ளையர்களிடமிருந்து சரக்கு வருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனி வண்டியில் அனுப்புகிறார்கள், பாதி வண்டி காலியாகத்தான் வருகிறது. "மில்க் ரன் போட்டுச் செலவைக் குறைத்துக் காட்டுங்கள்" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். மில்க் ரன் என்றால் ஒரே வண்டி பல சப்ளையர்களிடம் வரிசையாகப் போய்ச் சரக்கை எடுத்து வருவது. பாடத்தில் ரூட்டிங், இஓக்யூ (ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்ற கணக்கு), சேஃப்டி ஸ்டாக் (தட்டுப்பாடு வராமல் கூடுதலாக வைக்கும் இருப்பு) எல்லாம் படித்தாயிற்று. கம்பெனிக்குள் முதல் வாரம் என்ன கேட்பது, எந்தத் தரவை நம்புவது, எங்கே வழுக்கும் என்று அனுபவமுள்ள அண்ணன், அக்காக்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கேட்பாஸ் பதில்:

தம்பி, "செலவைக் குறை" என்பது ஆசைதான், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஒரே ஓர் எண்ணாக மாற்றுங்கள்: ஒரு கிரேட் (சரக்குப் பெட்டி) சரக்கு உள்ளே வந்து சேர எத்தனை ரூபாய்? 10 வாரமும் அந்த எண்ணைத்தான் துரத்த வேண்டும்.

மூன்று இடத்திலிருந்து தரவு வேண்டும். செக்யூரிட்டி கேட் ரெஜிஸ்டர், டிரான்ஸ்போர்ட் பில்லும் அதனுடன் இருக்கும் எல்ஆர் (லாரி ரசீது) நகலும், ஸ்டோர்ஸின் ஜிஆர்என் (சரக்கு வரவுக் குறிப்பு) பட்டியல். மூன்று முழு மாதம் எடுங்கள். மாதக் கடைசியில் லோடு குவியும் என்பதால் முதல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்தால் சராசரி பொய் சொல்லும். பொங்கல், ஆயுத பூஜை வாரம் நடுவில் வந்தால் நீக்காதீர்கள், தனியாகக் குறித்து வையுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய கோளாறுகள்:

ஜிஆர்என் தேதி வண்டி வந்த தேதி அல்ல. சாயங்காலம் 6 மணிக்கு வந்த சரக்குக்கு மறுநாள் காலைதான் என்ட்ரி விழும், சனிக்கிழமை வந்ததற்குத் திங்கள்கிழமை. லீட் டைமை (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் நாள்) ஜிஆர்என் வைத்துக் கணக்கிட்டால் சப்ளையர் செய்யாத தாமதம் அவர் தலையில் ஏறும். வந்த நேரத்துக்குக் கேட் ரெஜிஸ்டர் மட்டுமே சாட்சி.

ஒரே வண்டியில் 4 இன்வாய்ஸ் வந்திருந்தால் ஜிஆர்என் பட்டியலில் 4 வரி. வாடகையை அந்தப் பட்டியலோடு நேராக இணைத்தால் ஒரு வாடகை நாலு தடவை கூடிவிடும். முதலில் வண்டி எண், தேதி, உள்ளே வந்த நேரம் மூன்றையும் சேர்த்து "நடை எண்" என்று ஒரு நெடுவரிசை உருவாக்குங்கள். ஒரு நடை, ஒரு வரி. பிறகுதான் வாடகை.

வண்டி எண்ணை இடைவெளியோடு, கோட்டோடு, கடைசி நாலு எண் மட்டும் என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். 03/04 என்பதை எக்செல் மார்ச் 4 ஆக்கியிருக்கிறதா, ஏப்ரல் 3 ஆகவே வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி 12-க்குள் உள்ள நாட்களில் மட்டும்தான் இந்தத் தப்பு நடக்கும், அதனால் கண்ணில் படாது.

இதெல்லாம் முடிந்தாலும் மூன்று நாள் கேட்டில் நின்று நீங்களே நேரம் குறியுங்கள்: கேட் உள்ளே, இறக்கத் தொடக்கம், இறக்கி முடிவு, கேட் வெளியே. இறக்கவே 20 நிமிடம்தான், காத்திருந்தது 2 மணி நேரம் என்று தெரிந்தால் பிரச்சினை ரூட்டில் இல்லை, டாக்கில் (சரக்கு இறக்கும் மேடை) இருக்கிறது. மில்க் ரன் போட்டாலும் அந்த வண்டியும் அதே வரிசையில்தான் நிற்கும்.

---

கொள்முதல்மேசை பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வாடகை யார் கொடுக்கிறார்கள்?

பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்து டெலிவரி டெர்ம்ஸ் பாருங்கள். எஃப்ஓஆர் என்றால் சரக்கு விலைக்குள்ளேயே வாடகை இருக்கிறது. நீங்கள் வண்டி அனுப்பி எடுத்து வந்தால், சப்ளையர் தன் விலையிலிருந்து அந்தப் பங்கைக் கழித்துக் கொடுத்தால்தான் கம்பெனிக்கு மிச்சம். இல்லாவிட்டால் அதே போக்குவரத்துக்கு இரண்டு தடவை பணம் போகிறது. 14 பேரில் எத்தனை பேர் எஃப்ஓஆர், எத்தனை பேர் எக்ஸ்-வொர்க்ஸ் (வாடகை விலையில் சேராது, கம்பெனியே வண்டி அனுப்பி எடுப்பது) என்று பிரிக்காமல் போட்ட சேமிப்புக் கணக்கை ஃபைனான்ஸ் முதல் கூட்டத்திலேயே தூக்கிப் போட்டுவிடும்.

விலையைப் பிரிக்கச் சொன்னால் சப்ளையர் மிகக் குறைந்த தொகையைச் சொல்வார், அது இயல்பு. அவர் இப்போது அனுப்பும் வண்டியின் அளவு, தூரம், வாரத்துக்கு எத்தனை நடை என்று கேட் ரெஜிஸ்டரிலிருந்து நீங்களே எடுத்து, சந்தை வாடகையில் பெருக்கி, அதை மேசையில் வைத்துப் பேச வேண்டும். மாணவர்கள் பேச வேண்டியதில்லை. அந்தத் தாளைத் தயாரித்து பர்ச்சேஸ் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. இரண்டு காலாண்டுகளை ஒப்பிடும்போது டீசல் விலையைத் தனியாகப் பிரியுங்கள். வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்து, டீசல் 4 ரூபாய் ஏறினால், கிலோமீட்டருக்கு 50 பைசா தானாக ஏறும். அதை யாருடைய திறமையின்மை என்றும் எழுத முடியாது. இறங்கினால் உங்கள் சாதனை என்றும் எழுத முடியாது.

---

பெட்டிக்கணக்கு பதில்:

"பாதி காலி" என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் பாதி? எடையிலா, கன அளவிலா, தரைப் பரப்பிலா?

14 அடி வண்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 14 × 6 × 6 அடி என்றால் 504 கன அடி, அதாவது சுமார் 14.27 கனமீட்டர். 600 × 400 × 300 மிமீ கிரேட் ஒன்று 0.072 கனமீட்டர். வகுத்தால் 198 கிரேட். எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த 198-தான் வரும். அது வண்டியில் ஏறாது.

அடுக்கிப் பாருங்கள். அகலம் 1.83 மீட்டர், 600 பக்கத்தை அகலவாட்டில் வைத்தால் 3. நீளம் 4.27 மீட்டர், 400 பக்கத்துக்கு 10. ஒரு அடுக்குக்கு 30. மாற்றி வைத்தால் நீளத்தில் 7, அகலத்தில் 4, ஆக 28. உயரம் 1.83 மீட்டருக்கு 6 அடுக்கு வரும் என்று கணக்கு சொல்லும், ஆனால் மேலே கை நுழைய இடம் இருக்காது, அடிக் கிரேட்டும் நசுங்கும். 5 அடுக்கு என்று வைத்தால் 150. உண்மையான கொள்ளளவு இதுதான்.

அந்த 30-லும் ஒரு ஆபத்து. அகலத்தில் மிச்சம் 3 சென்டிமீட்டர்தான். பாடியின் பக்கப் பலகை கொஞ்சம் உள்வாங்கியிருந்தாலே மூன்றாவது கிரேட் நுழையாது, 28-க்கு இறங்கிவிடும். வண்டிக்காரர் சொல்லும் அளவை எழுதாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அடுத்து எடை. கிரேட்டுக்கு 15 கிலோ பிளாஸ்டிக் பாகம் என்றால் 150 கிரேட் 2,250 கிலோ, சிக்கலில்லை. அதே கிரேட்டில் 30 கிலோ ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய உலோகப் பாகம்) என்றால் 4,500 கிலோ. வண்டியின் அனுமதி 3.5 டன் என்று வைத்தால் 116 கிரேட்டிலேயே எடை முடிந்தது. கண்ணுக்கு வண்டி காலியாகத் தெரியும், சட்டப்படி நிரம்பிவிட்டது. மில்க் ரனில் கனமான பாகத்தையும் லேசான பாகத்தையும் ஒரே நடையில் கோர்க்கும்போதுதான் இரண்டு கொள்ளளவும் பயன்படும். கனமானது அடியில் போக வேண்டும். அதனால் ஃபோர்ஜிங் சப்ளையரிடம் முதலில் ஏற்றியாக வேண்டும், ரூட் வரிசையையே இது மாற்றும்.

காலி கிரேட்டை மறக்காதீர்கள். காலையில் கிளம்பும் வண்டி காலி கிரேட்டோடுதான் கிளம்பும். மடக்காத கிரேட் காலியாக இருந்தாலும் அதே இடத்தைப் பிடிக்கும். முதல் சப்ளையரிடம் ஏற்றும்போது மற்ற சப்ளையர்களின் காலி கிரேட் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. எந்த மாடலிலும் இது தானாக வராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

---

மறைமலை_எம்பிஏ:

மிக்க நன்றி. எஃப்ஓஆர் விஷயம் எங்கள் யாருக்குமே தோன்றவில்லை, நாளைக்கே கேட்கிறோம். ஒரு சந்தேகம்: ரூட்டை எக்செல் சால்வரில் போட்டோம், மாறிகள் அதிகம் என்று நின்றுவிட்டது. வேறு சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

---

நடைமேலாளர் பதில்:

வாங்க வேண்டாம். எக்செலோடு வரும் சால்வரின் வரம்பு 200 மாறி. 14 சப்ளையர், ஒரு தொழிற்சாலை, ஆக 15 இடம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 14-க்குப் போகும் வழிக்கு ஒரு மாறி என்றால் 210. அங்கேதான் நின்றிருக்கும். ஓப்பன்சால்வர் இலவசம், அந்த வரம்பு இல்லை. கூகுளின் ஓஆர்-டூல்ஸும் இலவசம், பைத்தான் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நேர வரம்புகளையும் அதில் சேர்க்கலாம்.

ஆனால் 14 இடத்துக்குக் கையாலேயே போடலாம். கிளார்க், ரைட் இருவரும் 1964-ல் வெளியிட்ட சேமிப்பு முறை போதும். தொழிற்சாலையிலிருந்து அ 30 கிமீ, ஆ 34 கிமீ, இரண்டுக்கும் இடையே 8 கிமீ என்று வையுங்கள். தனித்தனியாகப் போனால் 60 + 68 = 128. சேர்த்துப் போனால் 30 + 8 + 34 = 72. சேமிப்பு 56. எல்லா ஜோடிக்கும் இப்படிப் போட்டு, பெரிய சேமிப்பிலிருந்து கீழ்நோக்கி வண்டி நிரம்பும்வரை கோர்த்துக்கொண்டே போங்கள். சூபர்வைசருக்கு விளக்கவும் எளிது. அவருக்குப் புரியாத ரூட் நீங்கள் கிளம்பிய மறுநாள் நின்றுவிடும்.

தூரத்தைவிட நேரம்தான் கழுத்தைப் பிடிக்கும். 88 கிமீ சுற்று, சராசரி 22 கிமீ வேகம் என்றால் ஓட்டமே 4 மணி நேரம். 4 நிறுத்தம், தலா 30 நிமிடம், 2 மணி. இறக்க 45 நிமிடம். மொத்தம் 6 மணி 45 நிமிடம். ஒரு டிரைவர், ஒரு ஷிஃப்ட் என்றால் ஒரு நாளில் ஒரு நடைதான். "இரண்டு நடை" என்று எழுதி வண்டி எண்ணிக்கையைப் பாதியாக்கும் ரிப்போர்ட்டுகளில் நிறுத்த நேரத்தை 10 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். நகருக்குள் பகல் நேரத் தடையுள்ள சாலைகளையும் பாருங்கள், வண்டி அளவுக்கு அளவு அது மாறும்.

நிறுத்த நேரம் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்தான். சரக்கு தயாராக இருக்கும், இன்வாய்ஸ் தயாராக இருக்காது. ஒவ்வொரு சப்ளையரும் தன் இன்வாய்ஸ் தானே போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி-யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு), அதன் பகுதி 'பி'-யில் உங்கள் வண்டி எண். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் அதுவரை ஏற்றிய எல்லா சப்ளையர் பில்லிலும் வண்டி எண்ணைப் புதுப்பித்தாக வேண்டும். அந்த வேலை யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரவு 9 மணிக்கு ரோட்டோரத்தில் முடிவு செய்கிற விஷயமில்லை.

---

ஸ்டோர்ஸ்_அக்கா பதில்:

தம்பிகளா, வாடகை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கு. வேறு எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாகம் தினம் 400 தேவை, ஏற்ற இறக்கம் 60 (திட்ட விலக்கம்). லீட் டைம் 4 நாள். 95 சதவீத சேவைக்கு, அதாவது 100-ல் 95 தடவை ஸ்டாக் தீராமல் இருக்க, பெருக்கும் எண் 1.65. பாடப்புத்தகச் சுருக்கச் சூத்திரப்படி சேஃப்டி ஸ்டாக் 1.65 × 60 × √4 = 198.

ஆனால் அந்த 4 நாள் சில சமயம் 3, சில சமயம் 5. அதன் விலக்கம் 1 நாள் என்று சேர்த்தால்: 4 × 60² = 14,400; 400² × 1² = 1,60,000; கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 418; 1.65-ஆல் பெருக்கினால் 689. மூன்றரை மடங்கு! நிலையான நேரத்தில் ஓடும் மில்க் ரனில் விலக்கம் கால் நாளாகக் குறைந்தால் 258-க்கு இறங்கும். வாடகையில் கிடைப்பதைவிட இங்கே கிடைக்கும் இடமும் முடங்கிய பணமும் சில பாகங்களில் பெரிதாக இருக்கும்.

எல்லாப் பாகத்துக்கும் செய்யாதீர்கள். மதிப்பில் முதல் 20 பாகம் போதும். போல்ட், வாஷருக்கெல்லாம் வாரம் ஒரு நடை தாராளம்.

ஒரு நிபந்தனை: 4 சப்ளையர் சரக்கு ஒரே வண்டியில் வந்தால், வண்டி நின்றால் நாலும் நிற்கும். அந்தப் பாகங்களின் ஸ்டாக்கை முதல் மாதம் குறைக்கவே வேண்டாம்.

---

கேட்பாஸ் பதில்:

அக்கா சொன்னதோடு ஒன்று. நாலாவது வாரம் முடிவதற்குள் "இன்றைய நிலை" தாளில் ஃபைனான்ஸ் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: எத்தனை நடை, எத்தனை கிரேட், கிரேட்டுக்கு எத்தனை ரூபாய். கையெழுத்து இல்லாவிட்டால் பத்தாவது வாரம் "பழைய செலவே இவ்வளவு இல்லையே" என்பார்கள். சோதனை ஓட்டம் ஒரே ரூட், 3 அல்லது 4 சப்ளையர், குறைந்தது 10 வேலை நாள், அதில் ஒரு மாதக் கடைசி கட்டாயம் விழ வேண்டும். கல்லூரி ரிப்போர்ட்டில் வாடகை ரேட்டை ரூபாயில் எழுதாமல் பழையதை 100 என்று வைத்து எழுதுங்கள், சப்ளையர் பெயருக்குப் பதில் எழுத்து போடுங்கள். அதற்கு மேனேஜரிடம் இன்றே சம்மதம் கேளுங்கள், கடைசி வாரம் கேட்டால் ரிப்போர்ட்டில் பாதியை வெட்டச் சொல்வார்கள்.

---

மறைமலை_எம்பிஏ:

14 பேரில் 11 பேர் எஃப்ஓஆர். மூன்று பேருக்கு மட்டும் கம்பெனி வண்டி. அந்த மூன்றை வைத்து முதல் ரூட் போடலாமா?

---

கொள்முதல்மேசை பதில்:

போடுங்கள். அந்த மூன்றில் சேமிப்பு உடனே பில்லில் தெரியும். அதே வழியில் இருக்கும் எஃப்ஓஆர் சப்ளையர் ஒருவரை மட்டும் நாலாவதாகச் சேர்க்க பர்ச்சேஸிடம் கேளுங்கள். வாரம் 5 நடை அனுப்பி வண்டி கால்வாசிகூட நிரம்பாதவராகப் பாருங்கள், வாடகையைப் பிரிக்க முதலில் சம்மதிப்பவர் அவராகத்தான் இருப்பார்.