விக்னேஸ்வரனின் 132,255 வாக்குகள் எங்கே போயின?

சுன்னாகத்தான்:
வணக்கம். இலங்கையில் 2013 வட மாகாண சபைத் தேர்தலின்போது நான் பள்ளிக்கூடப் பெடியன், அம்மாவோடு வரிசையில் நின்றது மட்டும் ஞாபகம். அந்த முறை யாழ் மாவட்டத்தில் அந்தத் தேர்தலில் வென்று முதலமைச்சரான சி.வி. விக்னேஸ்வரனுக்கு 132,255 விருப்பு வாக்குகள். 2020 பாராளுமன்றத் தேர்தலில், கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்தில் 21,554, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சனத்துக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டதா, வேறு காரணமா?

வடமராட்சி அண்ணை:
தம்பி, 2013இல் விழுந்தது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு. வடக்கு தனி மாகாணமாக முதன்முதலாக வாக்களித்த தேர்தல் அது, போர் முடிந்து நாலு வருடம், வயல் காணியெல்லாம் இராணுவத்திடம், யாரை நிறுத்தியிருந்தாலும் வீட்டுக்குத்தான் புள்ளடி போட்டிருப்போம். 38 ஆசனத்தில், அதிக வாக்கு எடுத்த கட்சிக்குரிய போனஸ் இரண்டையும் சேர்த்துக் கூட்டமைப்புக்கு 30. 2020இல் அவர் வீட்டை விட்டு ஒரு புதுக் கூட்டணியின் மீன் சின்னத்தில் வந்தார், அதற்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்ததே ஒரு ஆசனம். சின்னம் மாறினால் வாக்கும் மாறும்.

கொக்குவில் வாசகி:
நான் அப்படி நினைக்கவில்லை. விருப்பு வாக்கு என்பது ஒரே கட்சிக்குள்ளே யாருக்கு என்று நாம் இடும் வாக்கு, ஒருவர் மூன்று பேருக்குப் போடலாம். அதே வீட்டில் நின்று இரண்டாவதாக வந்த அனந்தி சசிதரனுக்கு 87,870. மற்றவர்கள் அதற்கும் கீழே. அந்த இடைவெளி சின்னத்தால் வந்ததில்லை, உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர் நேர்மையாக நடப்பார் என்று அவருக்கென்றே போட்டோம். 2015 பெப்ரவரியில், தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்ற தீர்மானம் சபையில் நிறைவேறிய அன்று எங்கள் வீட்டில் அழுதார்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் 2017இல் மாகாண அமைச்சர்கள் மீதான ஊழல் விவகாரம், அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று ஒரே சபைக்குள் அடிபட்டதைப் பார்த்துப் பலர் சலித்துப் போனார்கள். நானும்தான்.

மன்னார்க்காரன்:
நீங்கள் இரண்டு பேரும் சபையின் அதிகாரத்தைப் பேசவில்லையே. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் காணி, பொலிஸ் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது, கையில் வரவில்லை. முதல் ஒன்றேகால் வருடம் ஆளுநர் ஒரு முன்னாள் இராணுவ மேஜர் ஜெனரல். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் காசு அனுப்ப முதலமைச்சர் நிதியம் அமைக்கப் பார்த்தார்கள், அதற்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை. வீட்டுத்திட்டம் எங்கே, வேலை எங்கே என்று ஐந்து வருடமும் அவரிடம்தான் கேட்டோம், அவரால் தர முடியாததையெல்லாம். சரி, அவரிலும் பிழை உண்டு, கட்சிக்காரரோடு பேசிப் போகத் தெரியவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்த கையோடு தமிழ் மக்கள் கூட்டணியைத் தொடங்கினார், வாக்கு அங்கேதான் பிரிந்தது.

சுன்னாகத்தான்:
நன்றி. அனந்தியின் எண்ணிக்கையை நான் ஒப்பிட்டே பார்க்கவில்லை, அக்கா சொன்னபிறகுதான் புரிகிறது. ஆனால் அம்மாவிடம் இப்போது கேட்டேன். "வீட்டுக்கும் போட்டேன், ஐயாவுக்கும் போட்டேன், இரண்டையும் பிரித்து நினைக்கவில்லை" என்கிறா. அப்புறம், 2018க்குப் பிறகு அடுத்த மாகாண சபைத் தேர்தல் வருடக்கணக்காக நடக்கவே இல்லை, எனக்கு வாக்குரிமை வந்தும் மாகாண சபைக்கு ஒருமுறையும் போடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.