கம்பியை விட்டதும் குழாய்த் தண்ணீர் காவி நிறமாகிறதே, அது அழுக்குதானே?

மூன்றாம்மாடி (கேள்வி):
எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர் (மெல்லிய சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் மெஷினில் வந்தது). கரண்டில் மாட்டிய ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் விடுகிறார் விற்பனையாளர். ஒரு நிமிஷத்துக்குள் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகி, மேலே கசடு மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கிறது. "கண்ணால பார்த்தப்புறம் இன்னும் என்ன பேச்சு, எல்லா வீட்டுக்கும் மெஷின் வாங்கிடலாம்" என்று பாதிப் பேர். மீதிப் பேர், "எங்க தாத்தா கிணத்துத் தண்ணி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தார், ஆர்.ஓ. குடிச்சா எலும்பு கரைஞ்சிடும்" என்கிறார்கள். எங்கள் குழாயில் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவை, மில்லிகிராமில்) 340, ஆர்.ஓ.வில் 28. சண்டை போடாமல், விவரத்தோடு பதில் சொல்ல என்ன வழி?

ஆய்வகவாசி:
அந்தக் காவி தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு அயனியாக (மின்னூட்டம் கொண்ட துகளாக) கரைந்து முதலில் கரும்பச்சையாகவும், காற்றுப் பட்டதும் காவியாகவும் இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரியும். அலுமினியம் வெள்ளைத் திப்பி திப்பியாக வரும். கூடவே கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் இதையெல்லாம் மேலே தூக்கி வந்து நுரையாக்கும். நீங்கள் பார்த்த கசடு அதுதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் கல் உப்பைக் கரைத்து வைத்தாலும் இதே காவி வரும்.

வீட்டிலேயே செய்து காட்டலாம், ஆனால் 230 வோல்ட்டில் வேண்டவே வேண்டாம். விற்பனையாளரின் கருவியையும் தொடாதீர்கள், அந்தத் தண்ணீரில் விரல் பட்டால் ஷாக் அடிக்கும். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, துரு இல்லாத சாதா இரும்பு ஆணி இரண்டு போதும். துத்தநாகப் பூச்சு பூசிய ஆணி கூடாது, காவி வராது. எவர்சில்வரும் கூடாது, அதிலிருந்து குரோமியம் கரையும். 200 மில்லி டம்ளரில் ஆணிகள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செ.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். நான்கு டம்ளர் வையுங்கள்:

குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. குழாய்த் தண்ணீரில் ஆணிக்குப் பதில் பென்சில் கரி.

அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், பேட்டரி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் அந்த நேரத்தில் கரையும் இரும்பு ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான், ஆனால் 200 மில்லியில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது டம்ளர் காவியாகும். நான்காவதில் குமிழி வரும், காவி வராது. மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம், விற்பனையாளர் காட்டாமல் விட்டது அவை இரண்டையும்தான். முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், யாரும் குடிக்கக் கூடாது. உப்பை அள்ளிப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

டிடிஎஸ்_340:
அடுத்து மீட்டரைப் பற்றிப் பேச்சு வரும், தயாராக இருங்கள். டிடிஎஸ் மீட்டர் அழுக்கை அளப்பதில்லை. மின்கடத்துத்திறனை அளந்து அதை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் 0.5, சிலவற்றில் 0.7. அதனால்தான் ஒரே தண்ணீருக்கு ஒரு வீட்டு மீட்டர் 300ம் பக்கத்து வீட்டு மீட்டர் 420ம் காட்டும், இரண்டும் பழுதில்லை.

குழுவில் காட்ட எளிய வழி: ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி மீட்டரை வையுங்கள். 200 மில்லியில் 10 கிராம் என்றால் லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் கரைந்திருக்கிறது. மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணிலேயே நிற்கும், ஏனென்றால் சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை. அப்புறம் இளநீரில் வையுங்கள், பொட்டாசியத்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். டிடிஎஸ் அதிகம் என்பதற்காக இளநீரை யாரும் கொட்டுவதில்லையே!

340க்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்: ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. உப்பைப் பொறுத்தவரை உங்கள் குழாய்க்கு ஆர்.ஓ. தேவையில்லை. வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் அளவில் வெளியே தள்ளும், அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழாயடி:
மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் இதை வைத்து "டெமோ ஏமாத்து வேலை, ஆகவே நம்ம தண்ணி நல்ல தண்ணி" என்று யாராவது முடித்தால் அதுவும் அதே தப்புதான். ஒருவர் தப்பான காரணம் சொன்னார் என்பதால் அவர் சொன்ன முடிவு தானாகப் பொய்யாகிவிடாது. சம்ப்பில் கழிவுநீர் கசிந்தால் டிடிஎஸ் 340லிருந்து 350 ஆகலாம், யாருக்கும் தெரியாது. வயிற்றுப்போக்குதான் சொல்லும். கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு, ஈயம் எதையும் அந்த மீட்டரும் காட்டாது, அந்தக் கம்பியும் காட்டாது.

சண்டையை விட்டுவிட்டு ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியது: ஈ.கோலி (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) 100 மில்லியில் இருக்கவே கூடாது. நைட்ரேட் 45க்குள், ஃபுளோரைடு 1 (அதிகபட்சம் 1.5), கடினத்தன்மை 200 (அதிகபட்சம் 600), எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். குளோரின் போட்டு வரும் தண்ணீரானால் மிச்சக் குளோரின் குறைந்தது 0.2 இருக்க வேண்டும்.

கிருமி வந்து உப்பு சரியாக இருந்தால் மருந்து ஆர்.ஓ. அல்ல. தொட்டியைக் கழுவி, 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கான பவுடரில் குளோரின் பறந்து போயிருக்கும், போட்டும் பிரயோஜனமில்லை. அவசரத்துக்கு, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஃபுளோரைடோ நைட்ரேட்டோ தாண்டியிருந்தால் அப்போது ஆர்.ஓ.வுக்கு நியாயம் உண்டு.

ஆய்வகவாசி:
@குழாயடி சொன்னதில் ஒரு நுணுக்கம். கிருமிச் சோதனைக்குக் கோக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் வீண். ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் வாங்க வேண்டும். அதில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், "சுத்தம்" என்று பொய்யான முடிவு வரும்.

பொறுமைசாலி:
தாத்தா வாதத்துக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீர் குடித்துத் தொண்ணூறு வரை இருந்தவர்தான் நினைவில் இருக்கிறார். அதே கிணற்றுத் தண்ணீர் குடித்துக் காலராவில் சிறுவயதிலேயே போனவர்கள் யாருக்கும் தாத்தா ஆகவில்லை, அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட ஆளில்லை. இதைக் குழுவில் இப்படியே எழுதாதீர்கள், தாத்தாவைத் திட்டியதாக ஆகிவிடும். "அந்தக் காலத்துல அந்த ஊர்ல வயித்துப்போக்கு, காலரா எப்படி இருந்துச்சுங்க ஐயா?" என்று கேட்டால் பெரியவரே சொல்லத் தொடங்குவார்.

எலும்பு கரையும் கதைக்குக் கணக்கு போதும். தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 75 மில்லிகிராம் என்று வைத்தாலும் இரண்டு லிட்டரில் 150. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1000. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 இருக்கும். ஆர்.ஓ. பறித்ததை அரை டம்ளர் கூழ்மாவு ஈடுகட்டும். மற்றபடி பால், கீரை எதுவும் சேராத சாப்பாடு என்றால் அந்த 150ம் கணக்கில் வரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வீடியோ போட்டவரிடம் "போலி" என்ற வார்த்தையே வேண்டாம். அந்த ஒரு வார்த்தையில் அவர் தண்ணீரை விட்டுவிட்டுத் தன் மரியாதைக்காக வாதாடத் தொடங்குவார். "அண்ணே, அவர் அடுத்த தடவை வரும்போது அந்த ஆர்.ஓ. டம்ளர்லயே ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்" என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:
நன்றி. மாதிரியைச் சம்ப்பில் எடுப்பதா, சமையலறைக் குழாயிலா?

குழாயடி:
இரண்டிலும், தனித்தனி பாட்டிலில். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிஷம் திறந்துவிட்டு, மூடியின் உள்பக்கம் கை படாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சம்ப் சுத்தமாக வந்து குழாய் கெட்டதாக வந்தால் மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து பாருங்கள்.