மின்பகுளியா உப்பா, இழப்பா பொசிவா? டெங்குக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். டெங்கு நோயாளியைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உறவினர்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு இடத்தில் நிற்கிறேன். ரத்தத்தில் கரைந்துள்ள சோடியம் போன்ற உப்புகளின் அளவு மாறும் எலக்ட்ரோலைட் குலைவுக்கு 'மின்பகுளிச் சமநிலையின்மை' என்று போட்டு, வார்டில் ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உடம்புல கரண்ட் குறைஞ்சிருச்சா?" என்று பதறிவிட்டார். உடனே அடித்துவிட்டேன். அப்புறம், பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) லீக்கேஜ். 'நீரிழப்பு' போதுமா?

*

தம்பி, 'நீரிழப்பு' வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கில் நீர் உடம்பை விட்டே போகிறது, அது இழப்பு. டெங்குவிலும் வாந்தியால் கொஞ்சம் போகும். ஆனால் பெரிய ஆபத்து வேறு. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், ரத்தக் குழாய்ச் சுவர் வழியே பிளாஸ்மா வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கும். நீர் உடம்புக்குள்ளேயேதான் இருக்கிறது, குழாயில்தான் இல்லை. ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட், முன்பிருந்த அளவைவிட 20 சதவீதத்துக்கு மேலும் கூடலாம். 24 முதல் 48 மணி நேரத்தில் இது அடங்கி, தேங்கியது குழாய்க்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸை ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 'இழப்பு' என்று படித்தவர் "இன்னொரு பாட்டில் போடுங்க" என்றுதான் கேட்பார். சொல்லே தப்பான வைத்தியம் சொல்லக் கூடாது.

*

ஐயா விளக்கியதற்கு அளவெடுத்தாற்போல் ஒரு சொல் இருக்கிறது: பொசிவு. ஓட்டை வழியே போனால் ஒழுகல், விளிம்பைத் தாண்டினால் சிந்தல். பொசிவு கரையின் ஊடாகவே நடப்பது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று மூதுரையில் படித்தோமே. வாய்க்கால் உடையவில்லை, நீர் நிலத்தை விட்டும் போகவில்லை, பக்கத்தில் இறங்கிவிட்டது. 'குருதிநீர்ப் பொசிவு' என்று போடுங்கள்.

மின்பகுளிக்கு வருகிறேன். 1834இல் விஞ்ஞானி ஃபாரடே பயன்படுத்திய 'எலக்ட்ரோலைட்' என்ற சொல்லின் பின்பாதி, அவிழ்தல் என்னும் பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. நீரில் அவிழும் உப்பு, 'அவிழுப்பு'. வினைத்தொகையாகவே நிற்கிறது பாருங்கள்.

*

அவிழ் என்றால் சோற்றுப் பருக்கையும்தானே? சோற்றில் போடும் உப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இலங்கையில் நாங்கள் 'மின்பகுபொருள்' என்று படித்தோம். ஏற்கெனவே இரண்டு சொல் இருக்க, மூன்றாவது எதற்கு?

*

இரண்டும் வேதியியல் வகுப்புக்குச் சரி. கட்டில் பக்கத்தில் நிற்பவருக்கு 'உப்புச்சமன்' போதாதா? உப்புச்சமன் கெடுதல், உப்புச்சமன் மீட்டல் என்று வினையும் எளிதாக வரும்.

*

அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அக்கா, 'உப்புசம்' என்று காதில் விழும். டெங்குவில் வயிற்று வலி எச்சரிக்கை அறிகுறி, வயிற்றில் நீரும் கோக்கும். அங்கே போய் உப்புசத்தை நினைவூட்டும் சொல்லை வைப்பது ஆபத்து. தவிர, இந்த நோயில் அதிகம் குறைவது சோடியம். வெறும் தண்ணீரையே குடிக்கக் கொடுத்தால் இன்னும் இறங்கும். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருப்பது சும்மா இல்லை. பெயர் எதுவானாலும் கையேட்டில் இது வர வேண்டும்.

*

எல்லாருக்கும் நன்றி. 'குருதிநீர்ப் பொசிவு' என்று தலைப்பில் போட்டு, "நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே இறங்குதல்" என்று அடியிலேயே விளக்குகிறேன். மற்றதற்குக் கலைச்சொல்லே வைக்கவில்லை. "ரத்தத்தில் சோடியம் போன்ற தாது உப்புகளின் அளவு கூடுதல், குறைதல்" என்று நீட்டியே எழுதிவிட்டேன். ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள். சோடியம் பற்றிய வரியும் சேர்ந்துவிட்டது.

*

பொசிவு நல்ல சொல்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவிடம் நான் 'கசிவு' என்றுதான் சொல்வேன். அவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.